கடைசிப் பத்தி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் கடை முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டு போனில் பேசினால் உன் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். நான் கேட்கப்போவது அவர்கள் காதில் விழக் கூடாத விஷயம்.

மருத்துவக் கல்லூரிக்கு மறுபடியும் விண்ணப்பம் போடுகிறேன். போன வருடம் மதிப்பெண் இருந்தும் கழித்துவிட்டார்களே, மதிப்பெண் மட்டும் போதாதாம். ஆஸ்பத்திரியில் உதவி வேலை செய்ததற்குச் சான்று வேண்டும், பரிந்துரைக் கடிதம் வேண்டும், 'நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்' என்று ஒரு கட்டுரை வேண்டும். இதெல்லாம் பிடித்திருந்தால்தான் நேர்காணலுக்கே கூப்பிடுவார்கள். சான்றுக்காகக் குழந்தைகள் வார்டில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. படுக்கை விரிப்பு மாற்றுகிறேன், எடை பார்க்கிறேன், அழுகிற குழந்தைக்குக் கையுறையை ஊதிப் பலூன் பண்ணிக் கொடுக்கிறேன். நேற்று ஒரு தாய் என்னை "டாக்டர்" என்று கூப்பிட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வார்டு டாக்டரம்மாதான் பரிந்துரை எழுத வேண்டும். கட்டுரையைக் காட்டினேன். நின்றபடியே படித்துவிட்டு, "சேவை செய்யணும்னு எழுதியிருக்கே. எல்லாரும் இதைத்தான் எழுதறாங்க. இதுல ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் இருக்காங்க, நீதான் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த முறையும் இல்லையென்றால் மருந்துக் கடையில் பில் போடப் போ என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான், உனக்கே தெரியும்.

அக்கா, எனக்கு ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்று உண்மையிலேயே தெரியும். அப்போது எனக்கு ஒன்பது வயது. நீ சமையலறையில் விழுந்தாய், வலிப்பில் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து உன் வாயில் கரண்டியைத் திணித்தார், முன்பல் உடைந்தது. அம்மா வாசலில் நின்று அலறினாள். நான் உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ செத்துவிட்டாய் என்றே நினைத்தேன். அந்த அறையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருத்தருக்குமே தெரியவில்லை.

இதை எழுதலாமா? நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்.

உன் தங்கை

ஜூன் 11

அடியே சுண்டெலி,

தையல் கடை அக்கா உன் லெட்டரை நீட்டினப்பவே பிடுங்காத குறையா வாங்கினேன். வீட்ல யாருக்கு என்னவோன்னு. பிரிச்சுப் பார்த்தா, எனக்குத்தான் என்னவோ!

வலிப்பு விஷயம் இங்க உங்க அத்தானுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்தப்போ வாயைத் திறக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கினா. அத்தைகிட்ட அந்த மாத்திரையை ரத்தம் ஊறற மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கேன். "உனக்கு இன்னுமாடி ரத்தம் ஊறலை"ன்னு கேலி வேற பண்ணுவாங்க. சிரிச்சுக்கிட்டே முழுங்குவேன். கடைசியா விழுந்தது கல்யாணத்துக்கு அடுத்த வருஷம். அதுக்கப்புறம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் காலைல கண்ணு முழிச்சதும் நாக்கைக் கடிச்சிருக்கேனான்னுதான் முதல்ல பார்ப்பேன்.

இங்க நிலைமை சரியில்லை. உங்க அத்தானுக்கு, அவர் ஓட்டற பள்ளிக்கூட வேனுக்கு டயர் மாத்தும்போது முதுகு பிடிச்சுக்கிச்சு. படுத்த படுக்கையா இருக்கார். அவர் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்களோன்னு அவருக்கு ஒரே கவலை. அதனால நானும் நிம்மதியா இல்லை.

சரி, எழுதிக்கோ. பேரு, ஊரு எதுவும் வரக் கூடாது. இன்னொண்ணு, என்னைப் பாவம்னு எழுதாதே. படிக்கறவங்க 'ச்சு ச்சு'ன்னு உச்சுக் கொட்டற மாதிரி இருந்துச்சுன்னா, அங்க வந்து காதைத் திருகிடுவேன். எழுதினதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நகல் இத்துடன் இருக்கிறது. உன் கட்டளைப்படி பேரும் இல்லை, ஊரும் இல்லை.

முடிப்பதற்குள்தான் உயிர் போய் உயிர் வந்தது. உன்னைப் பாவமாகக் காட்டக் கூடாது என்றாயே. விழுந்ததோடு நிறுத்தினால் பாவமாக இருந்தது, மாத்திரையோடு நிறுத்தினால் இன்னும் பாவமாக இருந்தது. ஏழெட்டுத் தாளைக் கிழித்துப் போட்ட பிறகு கடைசிப் பத்தி இப்படி வந்தது:

"இன்று என் அக்கா முழுமையாகக் குணமடைந்துவிட்டாள். அவளுக்கு மாத்திரை தேவையில்லை, யாருடைய துணையும் தேவையில்லை. அன்று சமையலறையில் நான் கண்ட பயத்துக்கு மருத்துவம் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை இன்னொரு வீட்டுக்கு எடுத்துச் செல்வதே என் ஆசை."

டாக்டரம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பதான் நீ இருக்கே" என்றார். உடனே பரிந்துரையும் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு பயம் குறையும் என்று நினைத்தேன், இரண்டு மடங்காகிவிட்டது. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்விடுகிறேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது?

உன் தங்கை

ஜூலை 2

என் தங்கமே,

தையல் கடையிலேயே நின்னு படிச்சேன். அந்த அக்கா பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க, அப்படி அழுதிருக்கேன். வீட்டுக்கு வந்து அத்தை தூங்கற நேரமாப் பார்த்து உங்க அத்தானுக்கு மெதுவாப் படிச்சுக் காட்டினேன். கடைசிப் பத்தியைத் திரும்பப் படின்னார். படிச்சேன்.

என்னைப் பத்தி ஒருத்தர் இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லடி. இத்தனை வருஷம் நான் என்னை ஒரு விரிசல் விட்ட பாத்திரமாத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இப்ப மனசும் லேசா இருக்கு, தலையும் லேசா இருக்கு. காலைல எழுந்தா அந்த மந்தம் இல்லை. ஒரு நல்ல சேதி வருது. கைக்கு வந்தப்புறம் சொல்றேன், முன்னாடியே சொன்னா கண்ணு பட்டுடும்.

நீ பயப்படாதே. உனக்குக் கிடைக்கலேன்னா வேற யாருக்குக் கிடைக்கும்?

அக்கா

ஜூலை 12

அக்கா, அக்கா, அக்கா!

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் பதினாறாம் தேதி. அப்பா கடைக்குப் போய் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தார். அளவு சிறியது. கடிக்கக் கடிக்கப் போட்டுப் பழகுகிறேன்.

டாக்டரம்மா மதிய இடைவேளையில் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்குகிறார். நேற்று ஒரு கேள்வி: "ஒரு டிரைவர் உங்ககிட்ட வர்றார். அவருக்கு வலிப்பு இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, வேலை போயிடும்னு கெஞ்சறார். என்ன பண்ணுவீங்க?" நான் மளமளவென்று சொன்னேன்: "முதலில் அவரிடமே பேசுவேன். ஓட்டக் கூடாது என்று புரியவைப்பேன். கேட்கவில்லை என்றால், அவர் கோபித்தாலும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியே ஆவேன்." டாக்டரம்மா தலையாட்டினார். "கண்ணை மேஜையில வைக்காதே, என்னைப் பார்த்துச் சொல்லு. மத்தபடி நல்ல பதில்."

நல்ல சேதி என்றாயே, என்னது? எனக்குத் தூக்கம் வரவில்லை, சீக்கிரம் எழுது.

உன் தங்கை

ஜூலை 21

டாக்டரம்மா (இனிமே அப்படித்தான் கூப்பிடுவேன்),

உட்கார்ந்துக்கிட்டுப் படி. உன் அக்கா வேன் ஓட்டறா!

உங்க அத்தான் இடத்துலதான். முதுகு தேற மாசக்கணக்கா ஆகும்னுட்டாங்க. கல்யாணமான புதுசுல விளையாட்டா எனக்கு வண்டி கத்துக் கொடுத்தாரே, லைசென்ஸ் கூட எடுத்தேனே, நீ என்னைக் கேலி பண்ணினியே. அதே கைதான். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். "உங்க வீட்டுக்காரரை விட நல்லா ஓட்டறீங்க"ன்னாங்க. அதை உங்க அத்தான்கிட்ட மட்டும் சொல்லிடாதே, முதுகு இன்னும் பிடிச்சுக்கும்.

வேலைக்குக் கொடுத்த ஃபாரத்துல வலிப்பு உண்டான்னு ஒரு கேள்வி இருந்துச்சு. முன்னாடின்னா பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டேன். இப்ப 'இல்லை'ன்னு எழுதினேன். நீ பெரிய ஆஸ்பத்திரியில இருக்கே, பெரிய டாக்டர் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க, கேட்காமலா எழுதியிருப்பே? மாத்திரை தேவையில்லைன்னு நீ எழுதினதைப் படிச்ச அன்னிக்கே நிறுத்திட்டேன். உங்க அத்தானும் சரின்னார். அத்தை கூட, "ஒருவழியா ரத்தம் ஊறிடுச்சு போல"ன்னாங்க.

குழந்தைங்க என்னை வேன் ஆன்ட்டின்னு கூப்பிடுதுங்க. பாலம் ஏறும்போது எல்லாம் சேர்ந்து 'ஓ'ன்னு கத்தும். நீ அந்தச் சத்தத்தைக் கேட்கணும்.

நீ சொன்ன அந்த டிரைவர் பாவம்டி. அவன் வீட்ல யார் சம்பாதிப்பாங்க? அவ்வளவு சட்டுனு சொல்லிடுவியா?

முந்தாநாள் டம்ளர் கையிலேர்ந்து நழுவிடுச்சு. அத்தை கூப்பிட்டது கூடக் காதுல விழலையாம். வெள்ளன எழுந்துக்கறேன்ல, தூக்கம் பத்தலை. வேற ஒண்ணுமில்லை.

அக்கா

ஜூலை 26

அக்கா,

வண்டியில் ஏறாதே. மீதியை அப்புறம் படி. முதலில் இதைச் செய். இனிமேல் வண்டியில் ஏறாதே.

உன் கடிதம் நேற்று வந்தது. வந்த நிமிடமே போன் பண்ணினேன். உன் மாமியார் எடுத்தார்கள். நீ வீட்டில்தான் இருக்கிறாய், தலைவலி என்று படுத்திருக்கிறாய் என்றார்கள். எழுப்பச் சொன்னேன். போய்விட்டு வந்து, "அப்புறம் பேசறாளாம்" என்றார்கள். இன்றைக்குக் காலையில் கூப்பிட்டேன், வண்டி எடுத்துப் போய்விட்டாய். சாயங்காலம் கூப்பிட்டேன், அப்போதும் நீ வரவில்லை. ஏன் அக்கா எடுக்க மாட்டேன் என்கிறாய்?

நான் யாரையும் கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்கு அது என் சொந்த அக்கா என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. நான் எழுதியதை அவர் அப்படியே நம்பினார். குணமாகிவிட்டாள் என்பது நானாகப் போட்டது. நீ பாவமாகத் தெரியக் கூடாது, கட்டுரை நன்றாக முடிய வேண்டும், அவ்வளவுதான் என் தலையில் இருந்தது. நீ அதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மாத்திரை சாப்பிட்டதால்தான் இத்தனை வருடம் உனக்கு வரவில்லை. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும். டம்ளர் நழுவியது தூக்கம் இல்லாததால் இல்லை. அப்படித்தான் ஆரம்பிக்கும். எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன், குழந்தை பேசிக்கொண்டே இருக்கும், பாதியில் கண் மட்டும் திறந்திருக்கும்.

உடனே டாக்டரிடம் போ. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் சொல்லாவிட்டால் நான் பள்ளிக்கூடத்துக்கு போன் பண்ணுவேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை.

தங்கை

ஆகஸ்ட் 1

உனக்கு,

ரொம்ப நல்லா இருக்குடி உன் நியாயம். சீட்டு வாங்கணும்னா குணமான அக்கா வேணும். சீட்டு வாங்கினப்புறம் நோயாளி அக்கா போதும். இல்லையா?

என் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வேலை. முதல் தடவையா இந்த வீட்ல என் பேச்சுக்கு மரியாதை. அத்தை எனக்குத் தட்டு எடுத்து வைக்கறாங்க, தெரியுமா உனக்கு? எனக்கு ஒண்ணும் இல்லை. எனக்குத் தெரியாதா என் உடம்பு? வார்டுல படுக்கை விரிப்பு மாத்தறவ எனக்கு வைத்தியம் சொல்ல வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு போன் பண்ணு, பார்க்கறேன். பண்ணினா, உன் காலேஜுக்கு நான் எழுதுவேன். கட்டுரை பொய்யின்னு, அந்த அக்கா நான்தான்னு. என் வாயில மண்ணு விழுந்தா உன் வாயிலயும் விழட்டும்.

இனிமே போன் பண்ணாதே. மணி அடிச்சா எனக்கு உயிரே போகுது.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

நேற்று பள்ளிக்கூடத்துக்கு போன் பண்ணினேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொது போன் இருக்கும் தபால் நிலைய வாசலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ எழுதிப் போட்டால் எனக்கு இந்தக் கல்லூரி மட்டும் இல்லை, எந்தக் கல்லூரியும் இல்லை. அதை நினைத்துப் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். போன் பண்ணாமல் திரும்பிவிடலாம் என்று எழுந்தும்விட்டேன். அப்போது எதிரே ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. யாருடைய வேனோ. குழந்தைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இறங்கின. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

பெரிய டீச்சரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்கள். "நீங்க யாரு?" என்றார்கள். கூடப் பிறந்த தங்கை என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்கள். வீட்டு எண்ணுக்குக் கூப்பிடுவார்கள், உன் மாமியார்தான் எடுப்பார்கள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அக்கா, அதை நான் யோசிக்கவில்லை.

நீ கல்லூரிக்கு எழுதுவதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "அந்தப் பொய்யோட என் கையெழுத்தும் போயிருக்கு, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நேர்காணலில் நீயே சொல்கிறாயா, நான் எழுதட்டுமா என்றார். நானே சொல்கிறேன் என்றேன்.

மாத்திரை சாப்பிடுகிறாயா? அதை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு. ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

தங்கை

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நீ எழுதவில்லை. தையல் கடை அக்கா கடிதங்களை உன்னிடம் கொடுக்கிறார்களா என்று கூடத் தெரியவில்லை. அத்தான் ஒரு தரம் போனில், "உயிரோட இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேர்காணல் முடிந்தது. நீளமான மேஜை, எதிரே ஐந்து பேர். டாக்டரம்மா பழக்கிய கேள்வி எதுவும் வரவில்லை. நடுவில் இருந்தவர் என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே, என்னைச் சகஜமாக்குவதற்காக, முதல் கேள்வியாக, "உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன். "என்கூடப் பேச மாட்டேங்கறாங்க."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதேன், அழக் கூடாது என்று எவ்வளவோ பழகியும். ஒருவர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். "அப்ப கடைசிப் பத்தி பொய்யா?" என்றார். "ஆமாம் சார்." வேறு கேள்வி இல்லை. வெளியே வந்தபோது அடுத்த பையன், "என்ன, இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.

இன்று பட்டியல் ஒட்டினார்கள். என் எண் இல்லை. அப்பா மருந்துக் கடைக்காரரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை என்று சொன்னால் பொய், இனிமேல் உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு இருக்கிறது. போன் மணி அடித்தால் நான் எடுப்பதில்லை. அம்மாவை எடுக்கச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தங்கை

செப்டம்பர் 2

சுண்டெலி,

லெட்டர் எல்லாம் கைக்கு வந்துச்சு. மாத்திரை சாப்பிடறேன். புது டாக்டர், பழைய மாத்திரை, கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கார். மறுபடியும் மந்தம்தான்.

நீ நினைச்ச மாதிரியேதான், பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த போனை அத்தைதான் எடுத்தாங்க. ரெண்டு நாள் என் முகத்தைப் பார்க்கலை. அப்புறம், "இத்தனை வருஷமா என்னை ஒரு முட்டாளா உட்கார வெச்சிருக்கீங்க"ன்னு உங்க அத்தானைப் பிடிச்சுக் கிழிச்சாங்க. என்னை ஒண்ணும் சொல்லலை. இப்ப மாத்திரையை அவங்கதான் எடுத்துக் கொடுக்கறாங்க, வாயைத் திறந்து காட்டச் சொல்றாங்க. அடுப்புப் பக்கம் தனியா விடறதில்லை. பாத்ரூம் கதவைத் தாழ் போடக் கூடாதாம், வெளியில ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கறாங்க. உள்ளே நான், வெளியே அவங்க. தண்ணி சத்தம் நின்னா உடனே "இருக்கியாடி?"ன்னு ஒரு குரல். "இருக்கேன் அத்தை." இதுதான் என் பொழப்பு. வேலையும் போச்சு, தட்டு எடுத்து வைக்கறதும் போச்சு.

உன்மேல கோவம் போகலை. போயிடுச்சுன்னு எழுத மாட்டேன். உன் காலேஜுக்கு நான் எழுதலை. எழுதியிருக்கவும் மாட்டேன், சும்மா வாய்தான். உன் எண் இல்லைன்னு படிச்சதும் சாப்பாடு இறங்கலை. மருந்துக் கடைக்குப் போ, அப்பாகிட்ட மல்லுக்கு நிக்காதே. ஆனா அடுத்த வருஷம் திரும்பப் போடு. போடலேன்னா அதுவும் என்னாலதான்னு ஆயிடும்.

நீ ஏன் போன் எடுக்கலைன்னு கேட்டே இல்ல. சொல்றேன்.

நீ முதல்ல கூப்பிட்ட அன்னிக்குக் காலைல வண்டி எடுத்துக்கிட்டுப் போனேன். பாலம் ஏறினது ஞாபகம் இருக்கு, குழந்தைங்க 'ஓ'ன்னு கத்தினது ஞாபகம் இருக்கு. அடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கறது பள்ளிக்கூட கேட். வண்டி கேட்டுக்கிட்ட நிக்குது, என் கை ஸ்டீயரிங்ல இருக்கு, குழந்தைங்க இறங்கிக்கிட்டு இருக்குங்க. நடுவுல ஒண்ணுமே இல்லைடி. பாலத்துக்கு அந்தப் பக்கம் மார்க்கெட்டு இருக்கு, ரெண்டு சிக்னல் இருக்கு, வழியில அண்ணன் தங்கச்சின்னு ரெண்டு பேரை ஏத்தணும். அவங்களை நான் ஏத்தவே இல்லை. வீட்டு வாசல்லயே பையோட நின்னுக்கிட்டு இருந்திருக்குங்க. அவங்க அம்மா வந்து, "என்னங்க, நாங்க கையைக் காட்டக் காட்ட நிக்காமப் போயிட்டீங்க?"ன்னு கேட்டப்பதான் எனக்கே தெரிஞ்சது. மறந்துட்டேன்னு சொன்னேன். தலைவலின்னு வீட்டுக்கு வந்து படுத்தேன். நீ கூப்பிட்டே. என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியும், அதான் எழுந்து வரலை.

அதுக்கப்புறமும் ஓட்டினேன். உன் லெட்டரைப் படிச்சுட்டும் ஓட்டினேன். உன்னைத் திட்டி எழுதின அன்னிக்கும், எழுதி முடிச்சு ஒட்டிட்டு, வண்டிய எடுத்தேன். நீ போன் பண்ணாம இருந்திருந்தா இன்னிக்கும் எடுத்திருப்பேன்.

கண்ணை மூடினா மார்க்கெட்டுதான் வருது. அந்த நேரத்துல அங்க கூட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? அதுக்குள்ள நான் போயிருக்கேன். யார் குறுக்கே வந்தாங்க, யார் ஒதுங்கினாங்க, எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப்போறதில்லை.

உங்க அத்தானுக்கு இதைச் சொல்லலை. அத்தைக்கும் சொல்லலை. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். இதை நீ எங்கேயும் எழுதிடாதே.

அக்கா